மைதானத்து மண்ணுக்கு எட்டு மார்க்

நான் கல்லூரியில் படித்தது தாவரவியல். விருத்தாசலத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், ஒன்பதாம் வகுப்புக்கு அதை நீர் எடுத்துக்கொள்ளும் என்றார். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். செடி மண்ணில்தானே முளைக்கிறது என்றார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் காவிரிப் பக்கத்து ஆள். எங்கள் பக்கம் பத்தடி தோண்டினாலும் வண்டல், இருபதடி தோண்டினாலும் வண்டல். மண்ணில் வகை உண்டு என்பதே எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரிந்ததுதான். விருத்தாசலத்துப் பிள்ளைகளின் கதை வேறு. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் களிமண் வேலைக்குப் போனார். அப்பா சூளையில் இருப்பார், அம்மா மண் பிசைவார், அக்கா கப்புக்குப் பிடி ஒட்டுவார். ஆளுக்கொரு கல் கொண்டுவாருங்கள், பாறை வகைகளைப் பார்ப்போம் என்று முதல் வாரம் சொன்னேன். பதினோரு பேர் கரண்டுக் கம்பத்துப் பீங்கான் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். இது மனுஷன் சுட்டது, பாறை இல்லை என்று எல்லாவற்றையும் ஜன்னல் வழியாக எறிந்தேன். ஏன் எறிந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் நான்தான். அப்போது நான் முன்கோபி. இப்போதும் முன்கோபிதான், கோபப்பட வகுப்பு இல்லை. படிவுப் பாறைப் பாடத்தில் ஒரு விதி வரும். அடுக்கடுக்காகப் படிந்த மண்ணில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. நாலு கலர் சாக்பீஸில் அதைப் படமாகப் போட்டு, வகுப்பே மூன்று முறை சேர்ந்து சொல்லும்படி செய்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, கிணறு வெட்டும்போது கீழேயிருந்து எடுத்த மண்ணை மேலே கொட்டுகிறோமே, அது எந்த அடுக்கில் சேரும் என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது அந்தக் காலத்து வாத்தியார்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். குதர்க்கம் பேசுகிறாயா என்று அவனை பெஞ்சு மேல் ஏற்றினேன். மணி அடிக்கும்வரை நின்றான். அதற்குப் பிறகு வருஷம் முழுக்க என் வகுப்பில் சந்தேகம் என்று யாரும் எழுந்திருக்கவில்லை. பாடம் நன்றாகப் புரிகிறது போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வகுப்பில் ஜன்னல் ஓரம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வருகைப் பதிவு எடுக்கும்போது உள்ளேன் ஐயா என்பாள். நான் அவள் குரலைக் கேட்டது அவ்வளவுதான். கணக்கு சுமார், இங்கிலீஷ் சுமார். அம்மா கூலிக்குப் போகிறவர் என்பதும் அப்பா இல்லை என்பதும் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தன. நான் அதைப் பார்த்ததில்லை.

முழுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் நான்தான் தயாரித்தேன். பாடங்களை உள்ளூரோடு சேர்த்து நடத்த வேண்டும் என்று மேலேயிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதனால் எட்டு மார்க்குக்கு ஒரு கேள்வி போட்டேன். மண் அடுக்குகளில் எது பழையது, எது புதியது என்பதை நம் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குக. கேட்டுவிட்டேனே தவிர, நம் ஊரிலிருந்து அதற்கு என்ன எடுத்துக்காட்டு என்று எனக்கே தெரியாது.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பழமலையை எழுதியிருந்தார்கள். விருத்தாசலம் என்றாலே பழைய மலை என்றுதான் பொருள், ஊர்ப் பெயரில் மலை இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற மலை ஒன்றுகூட இல்லை, ஆகவே மலை பூமிக்குக் கீழே போய்விட்டது, கோயில் அதன்மேல் நிற்கிறது, கீழே இருப்பதால் மலைதான் பழையது. விதிக்குப் பொருந்தி வந்தது. ஆளுக்கு ஆறும் ஏழும் போட்டேன்.

ஜன்னல் ஓரத்துப் பெண் மட்டும் வேறு எழுதியிருந்தாள். அந்தப் பதில் எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. "நம் பள்ளி மைதானத்தில் மேலே செம்மண் உள்ளது. அதன் கீழே உடைந்த பீங்கான் உள்ளது. பீங்கான் மூன்று வருடம் முன்பு கொட்டியது. செம்மண் அதற்கும் பிறகு கொட்டியது. ஆனால் செம்மண்தான் பழையது. ஏனென்றால் அது அந்த இடத்திலேயே முதலிலிருந்து இருந்த மண். ஆகவே இங்கே கீழே உள்ளது புதியது, மேலே உள்ளது பழையது."

படித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்று முறை கத்திச் சொன்ன விதியைத் தலைகீழாக எழுதியிருக்கிறாளே என்று இருந்தது. சிவப்புப் பென்சிலால் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'கற்பனை' என்று எழுதினேன். கூட்டினால் முப்பத்தொன்று வந்தது. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். நாலு மார்க் எங்காவது தேடிப் போட்டிருக்கலாம், மற்ற வாத்தியார்கள் போட்டார்கள். நான் கறார் என்று பெயர் எடுத்தவன், போடவில்லை. மற்ற பாடங்களில் அவள் பாஸ். என் பாடத்தால் ஒன்பதாம் வகுப்பில் ஃபெயில். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். லிஸ்ட்டில் பெயர் இல்லாத பெண்பிள்ளை ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பி வராது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மே மாதம் பெண்பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்ட அனுமதி வந்தது. குழி தோண்டுவதை யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குக் குடும்பம் இருந்தது, கல்யாணம் காட்சி இருந்தது. நான் ரயிலடிப் பக்கம் ஒரு அறையில் ஒண்டிக்கட்டையாக இருந்தேன். அதனால் வெயிலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரும் வேலை எனக்கு வந்தது. ஒரு பெரியவர் வெட்டினார், நாலைந்து பெண்கள் தலைக்குச் சும்மாடு வைத்து மண் சுமந்தார்கள். நான் பேப்பர் படித்தேன்.

இரண்டாம் நாள் காலை, இடுப்பளவு ஆழத்தில் செம்மண் நின்று வெள்ளையாக ஏதோ வந்தது. எட்டிப் பார்த்தேன். பீங்கான் ஓடுகள், பிடியில்லாத கப்புகள், தலையில்லாத கிருஷ்ணன் பொம்மை ஒன்று. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கீழே இருப்பது பழையது அல்லவா. இடுப்பளவு கீழே இருப்பது எவ்வளவு பழையதாக இருக்கும்! வெட்டுவதை நிறுத்தச் சொன்னேன். குழிக்குள் இறங்கி, கிருஷ்ணனைக் கைக்குட்டையால் துடைத்து எடுத்தேன். பழங்காலத்து மக்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள், யாரும் எதையும் தொடாதீர்கள், நான் மேலே எழுதப்போகிறேன் என்று அவர்களுக்கு ஒரு சின்னச் சொற்பொழிவே நடத்தினேன். பெரியவர் கடப்பாரையை ஊன்றி நின்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். புழுதிக்காக என்று நினைத்தேன்.

கூடையோடு நின்ற ஒரு அம்மாள்தான் மெதுவாகச் சொன்னார். "அது கம்பெனிக் கழிவுங்க சார். சூளையில ஒடைஞ்சது. இந்த எடம் மின்ன களிமண்ணு எடுத்த பள்ளமா இருந்துச்சு. மேல் மண்ண ஓரமா குமிச்சிட்டுத்தான் களிமண்ணு எடுத்தாங்க. ஸ்கூலுக்கு மைதானம் வேணும்னு கழிவப் போட்டு ரொப்பி, அந்த மண்ணையே மேல பரப்பினோம். நாங்கதான் சார் சொமந்தோம். மூணு வருசம் இருக்கும்."

கிருஷ்ணனைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கம்பெனி முத்திரை இருந்தது, இங்கிலீஷில்.

அசடு வழிய நான் குழியிலிருந்து ஏறியபோது அந்த அம்மாளுக்குப் பின்னால் நின்ற கூலிக்காரப் பெண் வணக்கம் சார் என்றாள். பழைய பாவாடை, அதன்மேல் ஒரு ஆம்பிளைச் சட்டை, தலையில் கூடை. யூனிஃபார்ம் இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாளாக என் நாற்காலியைத் தாண்டித்தான் மண் சுமந்திருக்கிறாள். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், உள்ளேன் ஐயா என்கிற அதே குரல்.

நீ ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன். அதைவிட மடத்தனமான கேள்வியை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. கூடையோடு நின்ற அந்த அம்மாள்தான் அவளுடைய அம்மா. அவர்தான் பதில் சொன்னார். "ஃபெயிலாயிடுச்சுங்களே சார்." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, இன்னும் வெட்டலாமா வேண்டாமா என்று கேட்டார். வெட்டச் சொன்னேன்.

அன்று ராத்திரி அந்தப் பதிலை நினைத்துப் பார்த்தேன். எழுபது பிள்ளைகளில் நம் ஊரிலிருந்து எடுத்துக்காட்டு என்று நான் கேட்டதைக் கேட்டபடி எழுதியவள் அவள் ஒருத்திதான். வகுப்பில் எழுந்து சொன்னால் இந்த வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றுவான் என்று பரீட்சைத் தாளில் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் அவள் கையெழுத்தைப் படித்தே ஆகவேண்டிய இடம் அது ஒன்றுதான். அங்கேயும் நான் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன்.

உடனே ஓடிப்போய் மார்க்கைத் திருத்தினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் சும்மா இருந்தேன். எனக்கு அப்போது தகுதிகாண் பருவம் முடியவில்லை. வெளியிட்ட லிஸ்ட்டைத் திருத்த வேண்டுமென்றால் தவறாகத் திருத்தினேன் என்று நானே எழுதிக்கொடுக்க வேண்டும், அது சர்வீஸ் புத்தகத்தில் ஏறும், வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும். தப்பிக்க ஒரு சப்பைக்கட்டும் கிடைத்தது. செம்மண் பழையதாகவே இருக்கட்டும், அதை மேலே கொட்டியது பிறகுதானே? அப்படிப் பார்த்தால் மேல் அடுக்கு புதிய அடுக்கு, விதி சரி, நானும் சரி. மூன்று நாள் அந்தச் சப்பைக்கட்டிலேயே படுத்துத் தூங்கப் பார்த்தேன். ஆனால் அவள் அதையும் எழுதியிருந்தாள். கொட்டிய காலம் வேறு, மண்ணின் வயசு வேறு என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறாள். பட்டதாரி எனக்குத்தான் பிரிக்கத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவள்மேலேயே கோபம் வந்தது. மற்றவர்களைப் போலப் பழமலை என்று எழுதித் தொலைத்திருக்கக்கூடாதா என்று இருந்தது. அந்தக் கோபம் வந்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு நான் யோசித்து வைத்திருந்த அதே சப்பைக்கட்டை அவரும் சொன்னார். மேலே வந்தது பிறகு வந்ததுதானே ஐயா, உம்முடைய விதிக்கு ஒன்றும் ஆகவில்லை, போய்க் குழியைப் பாரும் என்றார். நான் போகவில்லை. இது உம்முடைய புத்தகத்தில் ஏறும் தெரியுமா என்று கேட்டார். ஏறட்டும் என்றேன். வீரமாகச் சொல்லவில்லை. அவர் பள்ளிக்கு வந்து பீரோவைத் திறந்து கட்டைப் பிரித்து அந்தத் தாளைப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். மைதானத்தை ரொப்ப ஏற்பாடு செய்ததே அவர்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எட்டுக்கு எவ்வளவு போடுவீர் என்று கேட்டார். எட்டு என்றேன். முப்பத்தொன்பது ஆயிற்று. எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், தகுதிகாண் பருவம் ஒரு வருஷம் நீண்டது.

குழி வெட்டும் வேலை அதற்குள் முடிந்திருந்தது. விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். பெண்ணைப் பீங்கான் கம்பெனியில் சேர்த்துவிட்டதாகவும், கப்புக்குப் பிடி ஒட்டும் வேலை என்றும், ஆள் வைத்துச் சொல்லித்தான் அந்த இடம் கிடைத்தது என்றும் சொன்னார். விட்டால் திரும்பக் கிடைக்காது. நான் தப்பு என்னுடையது என்றேன். உங்கள் பெண் எழுதியதுதான் சரி, பள்ளிக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் என் செருப்பைப் பார்த்தபடி கேட்டார்.

"அனுப்பறேன் சார். மறுபடியும் ஃபெயிலாக்கிட மாட்டீங்களே?"

மாட்டேன் என்று சொன்னேன். எந்த வாத்தியாரும் முன்கூட்டிச் சொல்லக்கூடாத வார்த்தை அது. சொல்லாமல் அங்கிருந்து வர முடியவில்லை. பிறகு வாசலிலேயே உட்கார்ந்து பேசினதில் கொஞ்சம் பெருமையும் கலந்து வந்தது அவருக்கு. எந்தக் களிமண் சூளையில் வெடிக்கும், எது தாங்கும் என்று பெண் விரலால் தேய்த்தே சொல்லிவிடுகிறாள், மேஸ்திரியே கூப்பிட்டுக் காட்டுகிறார் என்றார். ஜூனில் பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்புப் பூகோளமும் என்னிடம் வந்தது; அவள் அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். அங்கேயும் ஜன்னல் ஓரம்தான். நகக்கண்ணில் களிமண்ணின் வெள்ளை இருந்தது.

நான் மாறினேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். கக்கூஸ் குழிக்கு இன்னும் செங்கல் கட்டாமல் இருந்ததால், ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் அங்கே கூட்டிப்போய் நிற்கவைத்து அடுக்குகளைக் காட்டினேன். புத்தகத்து விதி எங்கே செல்லும், மனுஷன் கை வைத்த இடத்தில் ஏன் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். பெஞ்சு மேல் நின்ற பையனைக் கூப்பிட்டு, உன் கேள்விக்கு இதுதான் பதில் என்றேன். அவன் தான் என்ன கேட்டோம் என்பதையே மறந்திருந்தான். மணிமுத்தா ஆற்றுக்குக் கூட்டிப்போனேன், மணலை அரித்துக் காட்டினேன். கேள்வி கேட்கலாம் என்று தெரிந்ததும் பையன்கள் பிய்த்து எடுத்துவிட்டார்கள். நல்ல வாத்தியாராகிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரக் குஷி. அவள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கூச்சம், போகப்போகச் சரியாகும் என்று விட்டேன்.

அரைப் பரீட்சையில் களிமண்ணின் தன்மைகளை எழுதுக என்று ஒரு கேள்வி போட்டேன். ஆறு மார்க். உண்மையைச் சொன்னால் அவளுக்காகவே போட்ட கேள்வி. அவள் எழுதுவதைப் படிக்க வேண்டும் என்று தாள்களைக் கலைத்து அவளுடையதை முதலில் எடுத்தேன். களிமண் நுண்ணிய துகள்களால் ஆனது. ஒட்டும் தன்மை உடையது. நீரை எளிதில் உட்புகவிடாது. புத்தகத்தில் இருந்த மூன்று வரி, புள்ளி மாறாமல். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

தாள் கொடுத்த அன்று எல்லோரும் போனபிறகு அவளை நிறுத்திக் கேட்டேன். விரலால் தேய்த்தே மண்ணைச் சொல்லிவிடுகிறாயாமே, அதை எழுதியிருக்கலாமே என்றேன். அது புத்தகத்தில் இல்லை சார் என்றாள். இல்லாவிட்டால் என்ன, நான்தானே திருத்துகிறேன், மார்க் போட மாட்டேனா என்றேன். அவள் பதில் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க போடுவீங்க சார். அடுத்த வருசம் பப்ளிக்கு. அதத் திருத்தறவரு வந்து தோண்டிப் பாக்க மாட்டாருங்களே."

போயிட்டு வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. அப்போது பதினோராம் வகுப்பில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி.யில் அவள் பாஸானாள், என் பாடத்தில் அறுபதுக்கு மேல். நான் அந்த ஊரில் இருந்த மிச்ச வருஷங்களில் பிள்ளைகளை ஆற்றுக்கும் குழிக்கும் கூட்டிப்போவதை நிறுத்தவில்லை. பப்ளிக் பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும், பார்த்ததையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், தாளில் புத்தகத்தில் இருக்கிறபடி எழுதுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.